யோசனை பிரமாதம், எபிசோட் ஏன் கவிழ்ந்தது? 'கொலம்போ'வின் கமடோர் கதை

கேள்வி இது: 'கொலம்போ' என்ற பழைய அமெரிக்கத் துப்பறியும் தொலைக்காட்சித் தொடரை முதலிலிருந்து வரிசையாகப் பார்த்துவரும் ஒருவர் ஐந்தாம் சீசனின் கடைசி எபிசோடான 'லாஸ்ட் சல்யூட் டு தி கமடோர்' பார்த்துவிட்டுக் குழம்பியிருக்கிறார். தொடக்கம் அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது. போகப்போக எரிச்சல். தேடிப் பார்த்தால், தொடரிலேயே படுமோசம் இதுதான் என்று ஒரு கூட்டம் சொல்கிறது, துணிச்சலான முயற்சி என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. எது சரி? ஒரே எபிசோடில் இரண்டு தரம் இருந்தால் அதை எப்படித்தான் மதிப்பிடுவது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த எபிசோடின் அடிப்படை யோசனை தொடரில் வந்த மிக நல்ல யோசனைகளில் ஒன்று. எடுத்த விதம் தொடரிலேயே மிக மோசமானவற்றில் ஒன்று. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 'ஐந்துக்கு இரண்டரை' என்று போட்டால் எதைப் பற்றியும் எதுவும் சொன்னதாகாது. எந்த இடத்தில் பிடி நழுவுகிறது, நழுவியதற்கு எழுத்து காரணமா, இயக்கம் காரணமா, நடிப்பு காரணமா என்று பிரித்துப் பார்த்தால்தான் அது மதிப்பீடு. கொலைகாரர் யார் என்பது உட்பட எல்லாவற்றையும் கீழே பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில், இந்தத் தொடர் நம்மோடு செய்துகொண்ட ஒப்பந்தம் என்ன? ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்கும் உருவாக்கிய கொலம்போவில் யார் கொன்றார் என்ற கேள்வியே கிடையாது. கொலை நம் கண்முன் நடக்கும். கொலையாளி பெரும்பாலும் பணக்காரர், படித்தவர், தன் மூளை மீது அபார நம்பிக்கை கொண்டவர். அதற்குப் பிறகுதான் கசங்கிய மழைக்கோட்டோடு துப்பறிவாளர் கொலம்போவாக பீட்டர் ஃபால்க் உள்ளே வருவார். 1971 செப்டம்பரில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய முதல் வழக்கமான எபிசோடிலிருந்து இதுதான் அச்சு. நமக்கு ரகசியம் தெரியும், கொலையாளிக்கும் தெரியும். கொலம்போவுக்கு எப்போது தெரிந்தது என்பது மட்டும் நமக்குத் தெரியாது. தொடரின் சுவை முழுக்க அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதனால்தான் ஒன்றரை மணி நேரம் இரண்டே பேர் பேசிக்கொண்டிருந்தாலும் அலுக்காது.

1976 மே 2 அன்று ஒளிபரப்பான கமடோர் கதை இந்த ஒப்பந்தத்தை மீறுகிறது. மீறுகிற விதம்தான் அழகு.

ஓட்டிஸ் ஸ்வான்சன் பாய்மரப் படகுகளை வடிவமைத்துப் பெரிய தொழிலாக வளர்த்தவர், ஊரே கமடோர் என்று அழைக்கும் கிழவர். ஜான் டெஹ்னர் நடித்திருக்கிறார். மகள் ஜோவன்னா குடிக்கு அடிமை. மருமகன் சார்ல்ஸ் கிளே தொழிலைக் காசு பார்க்கும் இயந்திரமாக மாற்றிவிட்டான் என்பது கிழவரின் கோபம். அடுத்து நாம் பார்ப்பது, கமடோர் தரையில் பிணமாகக் கிடக்க, சார்ல்ஸ் அந்த அறையை நிதானமாகத் துடைத்துச் சுத்தம் செய்வது. பிறகு பிணத்தைப் படகில் ஏற்றுகிறான். கமடோரின் உடையைப் போட்டுக்கொண்டு, தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் கிழவர்தான் இரவில் படகு ஓட்டிப் போகிறார் என்று நம்பும்படி கடலுக்குள் போகிறான். பிணத்தைக் கடலில் தள்ளிவிட்டு, நீருக்கடியில் நீந்தும் கருவியை மாட்டிக்கொண்டு கரைக்குத் திரும்புகிறான்.

இந்தப் பகுதியை இன்னொரு முறை போட்டு, ஒன்றை மட்டும் கவனியுங்கள். கொலை காட்டப்படுவதே இல்லை. மற்ற எபிசோடுகளில் துப்பாக்கி வெடிப்பதையோ அடி விழுவதையோ ஏதோ ஒரு வகையில் நாம் பார்த்துவிடுவோம். இங்கே பிணமும் அதன் பக்கத்தில் ஒரு மனிதனும் மட்டும்தான். நடுவில் விட்டுப்போன கண்ணியை நாமே நிரப்பிக்கொள்கிறோம். தொடரின் பழக்கம் நம்மை அப்படி நிரப்பவைக்கிறது. காட்சி ஒரு பொய்யும் சொல்லவில்லை.

இதோடு நடிகர் தேர்வையும் சேர்த்துப் பாருங்கள். சார்ல்ஸாக வருபவர் ராபர்ட் வான். இதற்குச் சுமார் பதினைந்து மாதம் முன்பு, 1975 பிப்ரவரியில் வந்த 'டிரபிள்டு வாட்டர்ஸ்' எபிசோடில் உல்லாசக் கப்பலில் பாடகியைக் கொல்லும் கார் வியாபாரி இவர்தான். அதுவும் கடல், இதுவும் கடல். அதே முகம், அதே வழுவழுப்பு. தொடரைத் தொடர்ந்து பார்த்தவர் எவரும் ஒரு நொடிகூடச் சந்தேகப்பட மாட்டார். உண்மையில் சார்ல்ஸ் கொலை செய்யவே இல்லை. பிணத்தருகே கிடைத்த மனைவியின் நகையைப் பார்த்து, குடிபோதையில் அவள்தான் அடித்துவிட்டாள் என்று நம்பி, அவளைக் காப்பாற்ற எல்லாவற்றையும் மறைக்கிறான். அவள் குற்றவாளி என்று தீர்ப்பானால் சொத்தும் போய்விடும் என்பதால் அவனுக்குச் சுயநலமும் உண்டு. நாமும் கொலம்போவும் ஒரே தப்பான ஆளைத் துரத்திக்கொண்டிருக்கிறோம். தொடரின் அச்சையே பார்வையாளருக்கு எதிரான பொறியாக மாற்றிய கதை இது. எழுதியவர் ஜாக்சன் கில்லிஸ், சாதாரண ஆள் இல்லை. முதல் சீசனில் கொலம்போ கையுறை போட்ட கைகளைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுத்துக் காட்டும் அந்தப் புகழ்பெற்ற முடிவு வரும் 'சூட்டபிள் ஃபார் ஃபிரேமிங்' இவர் எழுதியதுதான். என் கணக்கில் தொடரின் ஆகச் சிறந்த முடிவு அது.

பாதி தாண்டியதும் சார்ல்ஸும் பிணமாகக் கிடைக்கிறான். கொலையாளி என்று நம்பியவனே செத்துப்போகிறான். யோசனையாகப் பார்த்தால் இதைவிடப் பெரிய அதிர்ச்சியை இந்தத் தொடரில் கொடுக்க முடியாது. எபிசோட் கவிழ ஆரம்பிப்பதும் இதே இடத்தில்தான்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், இது யார் கொன்றார் என்ற கதையாக மாறிவிட்டது, அதனால்தான் தோல்வி என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படிப்பட்ட கதை நன்றாக இருக்க ஒரே ஒரு விஷயம் வேண்டும்: சந்தேகப்படத் தகுந்த ஆட்களை முன்கூட்டியே நமக்குப் பழக்கியிருக்க வேண்டும். இங்கே முதல் பாதி முழுவதும் சார்ல்ஸின் கதை. கமடோரின் உறவுக்காரன் ஸ்வானி, வக்கீல் கிட்டரிங், படகுத்துறையில் வேலை பார்ப்பவர்கள், கிழவர் மணக்க நினைத்திருந்த இளம்பெண் லீசா என்று எல்லோரும் ஓரமாக வந்து போனவர்கள். சார்ல்ஸ் செத்ததும் திடீரென்று இவர்களில் ஒருவர் மேல் அக்கறை காட்டு என்கிறது கதை. யாரைப் பற்றியும் நமக்கு ஒன்றும் தெரியாது. கிட்டரிங்காக வரும் வில்ஃப்ரிட் ஹைட்-ஒயிட் போன்ற அருமையான நடிகருக்குக்கூடச் செய்ய ஒன்றுமில்லை.

அதைவிடப் பெரிய இழப்பு, கொலம்போவுக்கு எதிரே உட்கார ஆள் இல்லாமல் போனது. இந்தத் துப்பறிவாளர் தனியாக இருந்தால் பாதி ஆள்தான். எதிரில் ஒரு கர்வி இருந்தால்தான் அவருடைய பணிவும் மறதியும் ஆயுதமாகும். அந்தப் பணிவை நடிப்பு என்று நாம் அறிந்து ரசிப்பதே, எதிரில் இருப்பவர் குற்றவாளி என்று நமக்குத் தெரிவதால்தான். குற்றவாளி யார் என்றே தெரியாதபோது, அவர் தடுமாறுவது வெறும் தடுமாற்றமாகத் தெரிகிறது. பிற்பாதியில் பலருக்கு எரிச்சல் வருவதற்கு இதுதான் வேர் என்பது என் கருத்து.

இதுவரை சொன்னது திரைக்கதைக் குறை. இதை இயக்குநர் சரிசெய்திருக்கலாம். அவர் அதன் மேல் இன்னொன்றை ஏற்றிவைத்தார்.

இயக்கியவர் பேட்ரிக் மெக்கூஹன். தொடருக்கு இவர் செய்த நன்மை கொஞ்சநஞ்சமல்ல. 1974-ல் வந்த 'பை டான்ஸ் எர்லி லைட்' எபிசோடில் ராணுவப் பள்ளித் தலைவராக நடித்து எம்மி விருது வாங்கினார். அந்தப் பாத்திரத்தின் இறுக்கமும் தனிமையும் இன்றைக்குப் பார்த்தாலும் மிரட்டும். ஃபால்க்குக்கு நெருங்கிய நண்பர். அதே ஐந்தாம் சீசனில் 'ஐடென்டிடி கிரைசிஸ்' எபிசோடை இயக்கி, அதில் கொலையாளியாகவும் நடித்தார். விசித்திரத்தின் மீது அவருக்குத் தீராத ஆசை. தன் சொந்தத் தொடரான 'தி பிரிசனர்' முழுக்க அந்த ஆசையில் உருவானதுதான். அங்கே அது பொருந்தும், ஏனென்றால் அந்த உலகமே விசித்திரம். கொலம்போவின் உலகம் அப்படிப்பட்டது இல்லை. அங்கே எல்லோரும் சாதாரணமாகப் பேசுவார்கள், ஒருவர் மட்டும் விநோதமாக இருப்பார். அந்த ஒருவர்தான் கொலம்போ.

கமடோர் எபிசோடில் எல்லோருமே விநோதம். ஒவ்வொருவரும் வாக்கியத்துக்கு நடுவே காரணமில்லாமல் நிறுத்துகிறார்கள். கொலம்போ தேவையே இல்லாமல் ஆட்களின் முகத்துக்கு மிக அருகில் போய் நிற்கிறார், தோளைப் பிடிக்கிறார். லீசா தியானத்தில் உட்கார்ந்திருக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்க வந்த கொலம்போவும் பக்கத்தில் காலை மடக்கி உட்காரப் பார்க்கிறார். நல்ல எபிசோடாக இருந்தால் இந்தச் சங்கடத்துக்கு நடுவே ஒரு கேள்வி நழுவி விழும், எதிரில் இருப்பவர் ஒரு தகவலை உளறுவார், நமக்குச் சுரீர் என்றிருக்கும். இங்கே உட்காருவதே காட்சியாக முடிந்துபோகிறது. கூடவே அவருக்கு இரண்டு உதவியாளர்கள்: புரூஸ் கிர்பியின் சார்ஜென்ட் கிரேமர், டென்னிஸ் டூகன் நடித்த இளம் சார்ஜென்ட் 'மேக்'. தனி ஆளாக அலைவதில்தான் கொலம்போவின் அழகு இருக்கிறது. மூன்று பேராகக் கூட்டம் போட்டு நடக்கும்போது அது காணாமல் போகிறது.

ஃபால்க் இந்தக் காலத்தில் இயக்குநர் ஜான் கேசவெட்டிஸின் படங்களில் நடித்துவந்தார். 'ஹஸ்பண்ட்ஸ்' 1970-ல், 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்' 1974-ல். அங்கே நடிகர்கள் ஒருவரையொருவர் முட்டிமோதிக்கொண்டு, திணறித் திணறி, ஒரு உண்மையைக் கண்டுபிடிப்பார்கள். அந்த நடிப்பு முறையின் சாயலைத்தான் இந்த எபிசோடில் பார்க்கிறேன் என்று தோன்றுகிறது. அது என் ஊகம்தான். ஆனால் அந்த முறைக்கு நேரமும் வேண்டும், உணர்ச்சிப் பின்னணியும் வேண்டும். துப்புக்குத் துப்பு கோத்து ஓட வேண்டிய கதையில் அதைக் கொண்டுவந்தால் துப்புகள் எல்லாம் வழியில் சிந்திவிடும். இங்கே நடந்தது அதுதான். ஒரு முறை பார்த்தவர்களிடம் 'ஸ்வானிதான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கடைசிக் கடிகாரத்தைத் தவிர வேறெதுவும் நினைவிருக்காது.

அந்தக் கடிகாரக் காட்சியைத் தனியாகப் பேசியாக வேண்டும். சந்தேகத்துக்குரிய எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைக்கிறார் கொலம்போ. இந்தத் தொடர் எப்போதும் தவிர்த்துவந்த பழைய துப்பறியும் கதை மரபு அது. கையில் ஒரு கடிகாரம், டிக் டிக் என்று ஓடுகிறது. 'கமடோரின் கடிகாரம்' என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவர் காதருகிலும் வைத்துக்கொண்டு போகிறார். ஒவ்வொருவரும் புரியாமல் பார்க்கிறார்கள். ஸ்வானியின் காதில் வைத்ததும், அவன் யோசிக்காமல், 'இல்லையே' என்கிற ஒரே சொல்லை உதிர்க்கிறான். கமடோரின் கடிகாரம் ஓடும் நிலையில் இல்லை என்பது கொன்றவனுக்கு மட்டும்தான் தெரியும். முடிந்தது கதை.

பலர் இதைக் கேலி செய்வார்கள். ஒரு சொல்லை வைத்து எந்த நீதிமன்றம் தண்டிக்கும் என்று கேட்பார்கள். அந்த வாதம் நியாயமற்றது. கொலம்போவின் பாதி முடிவுகள் நீதிமன்றத்தில் நிற்காது. கொலையாளி தன்னையறியாமல் தன்னைக் காட்டிக்கொடுக்கும் கணம்தான் இந்தத் தொடர் நமக்குத் தரும் நீதி. அந்த அளவுகோலில் பார்த்தால் கடிகாரப் பொறி நல்ல பொறி. காதில் விழும் ஓசை, யோசிப்பதற்குள் வாயில் வரும் பதில், இரண்டுக்கும் நடுவே மூளை தலையிட நேரமில்லை. எழுத்தாக அது கில்லிஸின் தரம்தான். ஆனால் அதில் சிக்குபவன் ஸ்வானி. அவனாக நடித்த ஃபிரெட் டிரேப்பர் தொடரில் பல எபிசோடுகளில் சின்னச் சின்ன வேடங்களில் வந்துபோனவர், நம்பகமான நடிகர். இங்கே அவருக்கு ஒரு மனிதனைக் கொடுக்காமல் ஒரு கோமாளித்தனத்தை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். ஜோவன்னாவைக் குற்றவாளியாக்கினால் சொத்து தனக்கு வரும் என்பது ஸ்வானியின் நோக்கம். அந்த ஆசை அவன் முகத்தில் எரிவதை ஒரு காட்சியிலாவது நாம் பார்த்திருந்தால், அந்த ஒற்றைச் சொல் நம்மைத் தூக்கிப்போட்டிருக்கும். இப்போது அது ஒரு விடுகதைக்கு விடை சொன்ன மாதிரி மட்டும் இருக்கிறது.

அச்சை உடைத்ததால்தான் தோற்றது என்று சொல்பவர்களுக்கு அதே ஐந்தாம் சீசனே பதில் வைத்திருக்கிறது. 1975 செப்டம்பரில் வந்த முதல் எபிசோட் 'ஃபர்காட்டன் லேடி'. ஜேனட் லீ நடித்த முன்னாள் நடிகை, மீண்டும் மேடையேறப் பணம் தர மறுத்த கணவரைக் கொல்கிறாள். வீட்டில் அவள் போட்டுப் பார்த்த படம் ஓட வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் ஓடியிருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பிடிக்கிறார் கொலம்போ. ஆனால் அவளுக்கு மூளையில் தீராத நோய். கொன்றதே அவளுக்கு நினைவில்லை, வாழப்போவதும் கொஞ்ச காலம்தான். அவளை நேசித்த பழைய நடனத் துணை நெட், கொலையை நான்தான் செய்தேன் என்று பழியை ஏற்கிறான். கொலம்போ அவனை அழைத்துப் போகிறார். குற்றவாளியைக் கைது செய்யாமல் முடிகிற எபிசோட்! ஒப்பந்தத்தின் மிக முக்கியமான ஷரத்தே மீறப்படுகிறது. யாராவது குறை சொல்கிறார்களா? எனக்குத் தெரிந்த ரசிகர்கள் பலரும் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். அந்த மீறலுக்குக் கதை விலை கொடுத்திருக்கிறது. ஒன்றரை மணி நேரம் அந்தப் பெண்ணோடும் நெட்டோடும் நம்மை உட்காரவைத்திருக்கிறது. கடைசியில் கொலம்போ செய்வதை நாமும் செய்திருப்போம் என்ற நிலைக்கு நம்மைக் கொண்டுவந்த பிறகுதான் மீறுகிறது.

ஆக, ஏற்றத்தாழ்வான எந்த எபிசோடைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இது தொடரின் எந்த வழக்கத்தைக் கைவிட்டது, கைவிட்ட இடத்தில் எதை வைத்தது? கமடோர் எபிசோட் கொலையாளிக்கும் கொலம்போவுக்கும் இடையிலான ஆட்டத்தைக் கைவிட்டது. அந்த இடத்தில் வைக்க வேண்டியது ஒரு குடும்பத்தின் பேராசை. வைத்ததோ நடிகர்களின் சேட்டை. அடுத்து, தளர்ந்த காட்சியை மனதுக்குள் வேறு ஒருவர் எடுத்ததாக வைத்துப் பார்ப்பேன். இதே கதையை வேகமாக, நேராக எடுத்திருந்தால் நிற்குமா? கமடோர் கதை முக்கால்வாசி நிற்கும். அப்படியென்றால் குறை பெரும்பாலும் இயக்கத்தில். மாற்றிப் போட்டும் நிற்காவிட்டால் குறை எழுத்தில். முதல் தடவை எங்கே கவனம் சிதறி கைபேசியைப் பார்த்தோம் என்பதையும் நேர்மையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அலுப்பு தொடங்கும் நிமிடமும் குறை தொடங்கும் நிமிடமும் பெரும்பாலும் வேறு வேறு. இந்த எபிசோடில் அலுப்பு சார்ல்ஸ் செத்த பிறகு வருகிறது. குறை அதற்கு வெகு முன்பே, ஸ்வானியையும் மற்றவர்களையும் நமக்குப் பழக்காமல் விட்ட காட்சிகளில் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். படுமோசம் என்பவர்கள் காட்சிகளைப் பற்றிச் சரியாகச் சொல்கிறார்கள். துணிச்சல் என்பவர்கள் கதையைப் பற்றிச் சரியாகச் சொல்கிறார்கள். துணிச்சலுக்காக மட்டும் ஒரு எபிசோடைப் பாராட்ட மாட்டேன். துணிந்தவர் கரை சேர்ந்தாரா என்றும் பார்க்க வேண்டும். இது கரை சேரவில்லை. ஆனால் பாதுகாப்பாக எடுத்து மறந்துபோன எத்தனையோ சுமாரான எபிசோடுகளைவிட, கற்றுக்கொள்ள இதில் அதிகம் இருக்கிறது. குற்றக் கதை எழுத ஆசைப்படுகிறவர் யாராக இருந்தாலும் சார்ல்ஸ் அறையைத் துடைப்பதிலிருந்து கரைக்கு நீந்தி வருவது வரையிலான பகுதியைக் காட்சி காட்சியாக நிறுத்திப் பார்க்கச் சொல்வேன்.

இன்னொருவருக்கு இதைப் பரிந்துரைப்பதாக இருந்தால் வரிசையைக் கவனியுங்கள். தொடரின் அறிமுகமாக இதை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அச்சு பழகாதவருக்கு அது உடைவதே தெரியாது. குறைந்தது முதல் இரண்டு சீசன்கள் பார்த்திருக்க வேண்டும், 'டிரபிள்டு வாட்டர்ஸ்' கட்டாயம் பார்த்திருக்க வேண்டும். ராபர்ட் வான் கமடோரின் உடையில் படகை ஓட்டிப் போகும்போது, 'ஆகா, மறுபடியும் இந்த ஆளா!' என்று அவர்கள் நிச்சயத்தோடு சொன்னால்தான் பொறி வேலை செய்யும். கொலம்போ தனியாகத் துடுப்பு வலித்துப் போவதோடு முடிவதால், தொடரே இத்தோடு முடிந்தது என்றும் அவர்கள் நினைத்துவிடக்கூடும். 1976 அக்டோபரில் வில்லியம் ஷாட்னர் கொலையாளியாக வரும் 'ஃபேட் இன் டு மர்டர்' எபிசோடோடு ஆறாம் சீசன் தொடங்கிவிட்டது என்று சொல்லி, அதையும் கையோடு போட்டுக் காட்டிவிடுங்கள்.